பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பரில் எஞ்சின் மாற்றியாயிற்று, இப்போது என்ன கோளாறு?

எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றி, சாவியைத் திருப்பியதும் ஏதோ சரியில்லை என்றால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் புது எஞ்சின் மேல்தான் வரும். விற்றவர் ஏமாற்றிவிட்டார், ரீபில்ட் செய்தவர் சொதப்பிவிட்டார் என்று மனம் ஓடும். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பாலான கோளாறுகள் எஞ்சினுக்குள்ளே இருப்பதில்லை. எஞ்சினும் வண்டியும் சேரும் இடத்தில், நாம் கழற்றி மாட்டிய வயர், ஹோஸ், கேபிள், தகரம், ரப்பர் இவற்றில்தான் இருக்கும். அதனால் எஞ்சினை மறுபடி இறக்காமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும்.

இங்கே சொல்வது ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வண்டியின் இரண்டாம் தலைமுறைக்கு. வளைந்த ஒற்றை முன்கண்ணாடியால் பே விண்டோ என்று பெயர் பெற்றது. ஜெர்மனியில் 1967 ஆகஸ்ட் முதல் 1979 வரை செய்தார்கள். வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் கட்டில், அடுப்பு, அலமாரி, தூக்கும் கூரை எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றித் தந்தது. இஸ்தான்புல்லில் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்த ஹிப்பிகள் பலர் ஓட்டியது இந்தக் குடும்பத்து வண்டிகளைத்தான். பின்பக்கம் இருப்பது காற்றில் குளிரும் நாலு சிலிண்டர் 1600 எஞ்சின், சரியாகச் சொன்னால் 1584 சிசி. 1972 மாடலில் இருந்து சில நாடுகளுக்குப் போன வண்டிகளில் 1700, பிறகு 1800, 2000 சிசி டைப் 4 எஞ்சின் வந்தது. அதன் ஃபேன், தகரம், தாங்கும் முறை எல்லாம் வேறு. அதை இங்கே தொடவில்லை. பிரேசிலில் 2005 கடைசி வரை காற்றில் குளிரும் எஞ்சினோடே இந்த வண்டி வந்துகொண்டிருந்ததால் 1600 எஞ்சினுக்கு உதிரி பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

இறக்குவதற்கு முன்: உண்மையிலேயே எஞ்சின் போய்விட்டதா?

பின்னால் குனிந்து, கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். கிராங்க் நீளவாக்கில் ஆடக்கூடிய அளவு 0.07 முதல் 0.15 மி.மீ. வரைதான். கையில் 'டொக் டொக்' என்று தெளிவாகத் தட்டினால் இடம் அதிகம். டயல் கேஜ் வைத்து அளந்து உறுதி செய்யுங்கள். ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) மாற்றிச் சரிசெய்ய முடியுமா, பேரிங்கே எஞ்சின் கேஸைத் (வெளிக்கூட்டைத்) தின்றுவிட்டதா என்பது பிரித்தால்தான் தெரியும். எப்படியும் எஞ்சின் இறங்க வேண்டியதுதான்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருந்தால் டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மி.மீ. வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இறுகிப்போன டேப்பெட் நல்ல எஞ்சினையும் செத்த எஞ்சின் போலக் காட்டும்.

நாலு போல்ட்டும் எடுத்தாயிற்று, எஞ்சின் கியர்பாக்ஸை விட்டு வரவில்லை

நாலும் எடுத்தீர்களா என்று மறுபடி எண்ணுங்கள். கீழே இரண்டு நட், மேலே இரண்டு போல்ட், எல்லாம் 17 ஸ்பேனர். மேலே வலப்பக்கம் இருப்பதுதான் செல்ஃப் மோட்டாரையும் பிடித்திருக்கும். செல்ஃப் பக்கம் போய்க் கழற்ற வேண்டியது என்பதால் பலருக்கும் விட்டுப்போவது அதுதான். அடுத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். ஃபேன் ஹவுசிங்கின் நடுவே ஒரு குழாய்க்குள் நுழைந்து கார்பரேட்டருக்கு வரும். அதைக் கழற்றி முன்பக்கமாக இழுத்துவிட்டால்தான் எஞ்சின் பின்னால் நகரும். ஹீட்டர் கேபிள் இரண்டு, ஹீட்டர் குழாய் இரண்டு, பின்பக்கம் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாம் கழன்றிருந்தும் ஒட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினை மேலும் கீழும் மெல்ல ஆட்டிப் பின்னால் இழுங்கள். கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டை முழுக்க விட்டு வெளியே வர வேண்டும், அதற்குச் சுமார் 10 செ.மீ. நகர வேண்டும். அதற்கு முன் ஜாக்கை இறக்கினால் எஞ்சினின் முழு எடையும் அந்த ஷாஃப்ட்டில் தொங்கும். 100 கிலோவுக்கு மேல் இருக்கும் எஞ்சின் அது. கியர்பாக்ஸுக்குக் கீழே கட்டை கொடுத்துத் தாங்கியிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 1971 மாடல் வரையான வண்டிகளில் பம்பருக்கு மேலே உள்ள பின் தகரம் தனியாகக் கழன்று வரும், எஞ்சினை நேராகப் பின்னால் இழுத்துவிடலாம். அதற்குப் பின் வந்தவற்றில் அது பாடியோடு சேர்ந்தது. வண்டியை நன்றாக உயர்த்தி எஞ்சினைக் கீழே இறக்கித்தான் எடுக்க வேண்டும்.

பெட்ரோல் டாங்க் எஞ்சின் அறைக்கு முன்புறம், கியர்பாக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஹோஸைக் கழற்றியதும் பெட்ரோல் தானாக வழியும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஹோஸுக்கு அடைப்பு தயாராக வைத்துக்கொண்டு கழற்றுங்கள். இந்த எஞ்சின் கேஸ் மக்னீசியக் கலவை. பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்ப்பது இன்னும் ஆபத்து.

புது எஞ்சின் ஏறுகிறது, கடைசி 2 செ.மீ. மட்டும் போகமாட்டேன் என்கிறது

இந்த இடத்தில் யாராவது 'போல்ட்டைப் போட்டு இறுக்கு, தானா உள்ளே போயிடும்' என்பார்கள். செய்யவே கூடாது. கிளட்ச் பிளேட் வளையும், இல்லையென்றால் கேஸில் போல்ட் உட்காரும் காது உடையும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கிளட்ச் பிளேட் நடுவில் உட்கார்ந்திருக்காது என்பதே வழக்கமான காரணம். சென்டரிங் கருவியோ, பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோ நுழைத்து வைத்துத்தான் பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் ஒரு மி.மீ. தள்ளியிருந்தாலும் ஷாஃப்ட் ஃபிளைவீல் நட்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்கில் போய் முட்டும். பிளேட் சரி என்றால் பல்லோடு பல் சேரவில்லை என்று பொருள். கியரைப் போட்டுவிட்டு ஒருவர் கிராங்க் புல்லியை மெல்லத் திருப்ப, இன்னொருவர் எஞ்சினைத் தள்ளினால் சட்டென்று உள்ளே போகும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள சந்து சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் ஜாக்கின் கோணம் தப்பு.

பீட்டில் காரில் இருந்து எடுத்த எஞ்சின் என்றால் வாங்கும்போதே ஒன்று பார்க்க வேண்டும். டைப் 2 வண்டியின் பின் குறுக்குச் சட்டம் மாட்ட கேஸில் மேடும் துளையும் வேண்டும். பழைய பீட்டில் கேஸ்கள் சிலவற்றில் அது கிடையாது. ஏற்றியபின் தெரிந்தால் ஒரு நாள் வேலை வீண்.

சாவியைத் திருப்பினால் 'டிக்', அல்லது செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

பேட்டரி புதிது, செல்ஃப் புதிது, இருந்தும் இப்படி என்றால் எர்த் பட்டை. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அவற்றுக்கு மின்தொடர்பு கிடையாது. கியர்பாக்ஸின் முன்பக்கம் இருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை ஒன்றுதான் வழி. அது துருவேறியோ மாட்ட மறந்தோ இருந்தால் செல்ஃபுக்கு வேண்டிய கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிறது, புகைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

சோதனை சுலபம். ஜம்ப் லீட் ஒன்றை எஞ்சின் கேஸுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விறுவிறுவென்று சுற்றினால் பட்டையை மாற்றி, இரண்டு முனையையும் பளபளவென்று சுரண்டி மாட்டுங்கள்.

குளிரில் சுற்றி, எஞ்சின் சூடானதும் வெறும் 'டிக்' மட்டும் வந்தால் அது வேறு கதை. சாவியில் இருந்து செல்ஃபின் சொலினாய்டுக்கு (மின்காந்த ஸ்விட்சுக்கு) நீண்ட தூரம் வரும் வயரிலும் பழைய ஸ்விட்சிலும் வோல்ட் குறைந்துபோகிறது. சொலினாய்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே போட்டால் தீரும்.

சுற்றும்போது பல் அரைக்கும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். 6 வோல்ட் காலத்து ஃபிளைவீலுக்கு 109 பல், 12 வோல்ட் ஃபிளைவீலுக்கு 130 பல். பழைய பீட்டில் எஞ்சின் வாங்கினால் இந்தக் கலப்படம் நடக்கும். பல் சரி என்றால் செல்ஃப் ஷாஃப்ட்டின் நுனி உட்காரும் புஷ் தேய்ந்திருக்கலாம், செல்ஃபுக்குப் பொருந்தாத அளவாகவும் இருக்கலாம். இந்த புஷ் கியர்பாக்ஸ் வீட்டில் இருக்கிறது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றியிருந்தால் சில ரூபாய் வேலை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் இக்னிஷன் காயில். 15 என்று குறித்த முனைக்குச் சாவியில் இருந்து வரும் கறுப்பு வயர், ஆட்டோமேட்டிக் சோக் வயர், ஐடில் கட்-ஆஃப் வயர் எல்லாம் போக வேண்டும். 1 என்று குறித்த முனையில் டிஸ்ட்ரிபியூட்டரின் ஒற்றைப் பச்சை வயர் மட்டுமே. அவசரத்தில் சோக் வயரை 1-ல் செருகிவிட்டால் ஸ்பார்க் வராது, வந்தாலும் கோளாறாக வரும்.

அடுத்தது பிளக் வயர். ஃபயரிங் வரிசை 1-4-3-2, ரோட்டர் கடிகாரச் சுற்று. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டியது 1, அதற்கு இந்தப்புறம், நமக்கு அருகில் இருப்பது 2. இடப்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டியது 3, அருகில் 4. பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ.

எல்லாம் சரி, கார்பரேட்டரில் மட்டும் 'பட்' என்று திருப்பி வெடிக்கிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் ஷாஃப்ட் 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதற்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. நாலு பிளக் வயரையும் கேப்பில் இரண்டு இடம் தள்ளிச் செருகிப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிட்டது, ஷாஃப்ட்டை ஓய்வாகத் திருத்திக்கொள்ளலாம்.

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை என்றால் பம்பின் தள்ளுகம்பியைப் பாருங்கள். டைனமோ வைத்த எஞ்சினின் பம்புக்கு 108 மி.மீ. கம்பி, ஆல்டர்னேட்டர் வைத்த எஞ்சினின் பம்புக்கு 100 மி.மீ. எஞ்சின் ஒருவரிடம், பம்ப் இன்னொருவரிடம் வாங்கினால் இது மாறிப்போகும். குட்டைக் கம்பி மாட்டினால் பம்ப் போதுமான பெட்ரோலை இழுக்காது. நெட்டைக் கம்பி மாட்டினால் பம்பே உடையும்.

பிடித்து ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் அணைந்துபோகிறதா? கார்பரேட்டரின் கட்-ஆஃப் வால்வுக்குப் போகும் வயர் கழன்றிருக்கும். சாவியைப் போட்டுவிட்டு வயரைத் தொட்டு எடுத்தால் 'டிக்' என்று கேட்க வேண்டும்.

ஆயில் விளக்கு அணையவில்லை

ரீபில்ட் செய்த எஞ்சினில் ஆயில் பம்ப் காய்ந்து கிடக்கும். அதனால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நாலு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, விளக்கு அணையும் வரை செல்ஃபில் சுற்ற வேண்டும். விட்டுவிட்டுச் சுற்றுங்கள், செல்ஃபுக்கும் மூச்சு வேண்டும். அப்படியும் அணையாவிட்டால் ஆயில் பிரஷர் ஸ்விட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் எரிந்தால் வயர் எங்கோ எர்த்தாகிறது, எஞ்சினில் குறை இல்லை. கழற்றியதும் அணைந்தால் ஸ்விட்ச் இருந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி அளங்கள். எஞ்சின் சூடான நிலையில் நிமிடத்துக்கு 2500 சுற்றில் 2 பாருக்குக் குறையக் கூடாது. விளக்கை நம்பி 'ஒன்றுமிருக்காது' என்று ஓட்டிப் பார்ப்பது எந்த எஞ்சினுக்கும் நல்லதில்லை, இதில் 2.5 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது.

புது கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் விடாதீர்கள். 2000 சுற்றுக்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலில் கேமுக்கும் லிஃப்டருக்கும் போதிய ஆயில் தெறிக்காது. இதனால்தான் ஸ்பார்க் டைமிங்கும் பெட்ரோலும் முன்கூட்டியே ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறோம்.

சார்ஜ் விளக்கு எரிகிறது

மற்ற வண்டிகளில் இது பேட்டரி விஷயம். இதில் டைனமோ ஷாஃப்ட்டின் மறுமுனையில்தான் குளிர்விக்கும் ஃபேன் இருக்கிறது. பெல்ட் போனால் காற்றும் போகும். ஓட்டும்போது விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரம் கட்டுங்கள். பெல்ட் இருக்கிறது என்று உறுதியான பிறகு, டைனமோவின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளட்ச்சை மிதித்தும் கியர் கரகரக்கிறது

பெடலில் 10 முதல் 20 மி.மீ. வெற்று அசைவு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள காது வைத்த நட்டைத் திருகிக் குறையுங்கள். கேபிள் நுழையும் வளைகுழாயில் லேசான தொய்வு இருக்க வேண்டும், 25 முதல் 45 மி.மீ. வரை. அது விறைப்பாக நின்றால் கிளம்பும்போது வண்டி குதிக்கும். பலர் அதைக் கிளட்ச் பிளேட்டின் குறை என்று நினைத்து எஞ்சினை இறக்குகிறார்கள்.

கேபிள் எல்லாம் சரி என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும். 1971 வாக்கில் ரிலீஸ் பேரிங் மாறியது. பழைய கியர்பாக்ஸுக்குப் பிரஷர் பிளேட்டின் நடுவே ஒரு வளையம் தேவை. வழிகாட்டும் குழாய் வைத்த புதிய கியர்பாக்ஸுக்கு அந்த வளையம் இருக்கக் கூடாது. எஞ்சினோடு வந்த கிளட்ச்சை அப்படியே விட்டு ஏற்றினால் இந்தப் பொருத்தமின்மை நடக்கும். கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான். ஸ்பிரிங் துருத்தும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். இது இரண்டுமே எஞ்சினை இறக்காமல் தீராது.

ஓடுகிறது, ஆனால் மிதமிஞ்சிச் சூடாகிறது

இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. எஞ்சின் அறைக்கு மேல்பாதி குளிர்ந்த காற்று, கீழ்ப்பாதி வெந்த காற்று. இரண்டையும் பிரிப்பது சுற்றிலும் உள்ள தகரமும், தகரத்துக்கும் பாடிக்கும் இடையே ஓடும் ரப்பரும். அந்த ரப்பர் இல்லாமல் மாட்டினால் எக்ஸாஸ்ட்டைத் தடவிய சூட்டுக் காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். எஞ்சின் மாற்றியபின் சூடு என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பழைய ரப்பர் கெட்டியாகி உடைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

அப்புறம் ஃபேன் ஹவுசிங்கில் ஹீட்டருக்கான இரண்டு வாய். ஹீட்டர் வேண்டாம் என்று குழாயை எடுத்துவிட்டு வாயை மூடாமல் விடுவார்கள். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதன் வழியே வீணாகும். சிலிண்டர்களுக்கு அடியில் காற்றை வளைத்துவிடும் சிறு தகரங்கள் இருக்கின்றனவா என்பது ரீபில்ட் எஞ்சினில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. தெர்மோஸ்டாட் 65 முதல் 70 டிகிரியில் ஃபேன் ஹவுசிங்கின் மடல்களைத் திறக்கும். கம்பியைக் கோக்காமல் விட்டால் மடல் மூடியே இருக்கலாம். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மடலைத் திறந்து கட்டிவிட்டாலும் ஓடும், ஆனால் குளிர்நாட்டில் எஞ்சின் சூடேற நேரமெடுத்துத் தேய்மானம் கூடும்.

காற்று ஒழுங்காக இருந்தால் அடுத்து ஸ்பார்க் டைமிங்கைப் பாருங்கள். பிறகு மேனிஃபோல்டில் (கார்பரேட்டரில் இருந்து ஹெட்டுக்குக் கலவை போகும் குழாயில்) காற்று கசிகிறதா என்று பாருங்கள். இரட்டைத் துளை ஹெட்டில் மேனிஃபோல்டை இணைக்கும் ரப்பர் பூட் விரிசல் விட்டால் கலவை மெலிந்து சூடு ஏறும், ஐடிலும் ஏறி இறங்கும்.

அடியில் ஆயில் சொட்டுகிறது

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் விரலில் தொட்டு முகருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல். இல்லையென்றால் ஃபிளைவீலுக்குப் பின்னால் உள்ள எஞ்சின் சீல். இரண்டுக்கும் எஞ்சின் இறங்கியாக வேண்டும். இடப்பக்கம் தகரத்தின் மேல் இருந்து நிறைய வழிந்தால் ஆயில் கூலர் சீல். கேஸ் பழையதா புதியதா என்பதைப் பொறுத்து துளை 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. இருக்கும், சீலும் அதற்கேற்ப. எஞ்சினுக்கு அடியில் உள்ள சம்ப் தட்டின் சிறு நட்டுகளில் கசிந்தால் மேலும் இறுக்காதீர்கள். 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் ஸ்டட் கையோடு வந்துவிடும். வாஷரையும் காஸ்கெட்டையும் மாற்றுங்கள்.

பெட்ரோல் வாடை என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். பழைய துணி பின்னிய ஹோஸை எஞ்சின் மாற்றும்போதே மாற்றியிருக்க வேண்டும். கார்பரேட்டரின் பித்தளை நுழைகுழாயைப் பிடித்து ஆட்டுங்கள். அது அழுத்திச் செருகியதுதான், லூசானால் ஓடும்போதே ஹோஸோடு கழன்று வரும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின்

புது எஞ்சினில் முதல் ஆயிலைச் சீக்கிரமே, 500 கி.மீ.க்குள் மாற்றி, ஆயில் வடிகட்டும் வலையைக் கழுவுங்கள். கூடவே ஆறிய எஞ்சினில் டேப்பெட் அளந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு ஹெட்டில் இரண்டு, மூன்று வால்வுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போனால் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் கேஸில் இருந்து உருவிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வின் தண்டு நீள்கிறது. திரும்பத் திரும்பச் சரிசெய்து ஓட்டினால் ஒருநாள் அதன் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.